இடது பக்கம் இழுக்கும் வண்டி

மே 17, சனி

"ஓடுற வண்டிய நிறுத்திட்டா, அந்த வேகமெல்லாம் எங்க போகும் டீச்சர்?"

ஒன்பதாம் வகுப்பில் இப்படிக் கேட்டவள் வெண்ணிலா. என் மகள்தான். வகுப்பறைக்குள் நான் அவளுக்கு டீச்சர், பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினால் அம்மா. அன்று எல்லாப் பிள்ளைகளையும் உள்ளங்கைகளை அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். சூடு ஏறியதும் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வேகம் எங்கேயும் காணாமல் போவதில்லை, பிடித்து நிறுத்தியவரிடமே சூடாகத் தங்கிவிடுகிறது என்று விளக்கினேன்.

இன்று அவள் போனில் பேசிய பிறகு இது நினைவுக்கு வந்தது. காரில் பிரேக் பிடித்தால் கிறீச்சென்று சத்தம் வருகிறதாம். "அத்தை டார்ச் அடிச்சுப் பாத்துட்டாங்கம்மா. முன்னாடி பேட் ரெண்டு பக்கமும் தேஞ்சிருச்சாம்" என்றாள்.

அத்தை என்பது அவள் மாமியார் துளசிமணி. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார், வருடத்தில் பாதி கடலில்தான். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை சாலையில் இருக்கும் தோப்பு வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும் இருக்கிறார்கள். வெண்ணிலா கால்நடை மருத்துவர். ஜூன் முதல் வால்பாறைக்கு மாற்றல். திங்கட்கிழமை மலை ஏறி வெள்ளிக்கிழமை இறங்க வேண்டும், அந்தக் காரில்.

அந்தக் கார் என்னுடையது. அதாவது, என்னுடையதாக இருந்தது. ஓய்வு பெற்றதும் அவளுக்குக் கொடுத்தேன். அதற்கு முன் உடுமலையில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் வைத்து ஒவ்வொரு முறையும் நானேதான் பேட் மாற்றியிருக்கிறேன். மெக்கானிக் கையில் கொடுத்ததில்லை.

பேட் தேய்ந்ததை எனக்கு இரண்டாவதாகச் சொன்னதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பதிவுக்காக எழுதுகிறேன்.

மே 19, திங்கள்

கடைவீதிக்குப் போய் அந்தக் காருக்கு ஒரு செட் பேட் வாங்கி வந்தேன். "ஏம்மா சுலோச்சனா, நம்மகிட்ட கார் எங்க இருக்குது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பெட்டியை அலமாரியில் வைத்தேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாயிற்று.

மே 21, புதன்

டைரியில்கூட எதிரே யாரோ உட்கார்ந்து கேட்பது போலவே எழுதுகிறேன். பழக்கம். கேட்பவர் யாராயிருந்தாலும் சரி, பிரேக் பேட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

சுழலும் எவர்சில்வர் தட்டு ஒன்றை இரண்டு கைகளாலும் இரு பக்கமிருந்து பிடித்து நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுதான் டிஸ்க். கைகள்தான் பேட்கள். முன்பக்கம் ஒரு சக்கரத்துக்கு இரண்டு, ஆக ஒரு பெட்டியில் நான்கு. பிடிக்கப் பிடிக்க அவை தேயும். தேய்ந்து முடியப்போகும்போது அதிலிருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடும். வகுப்பில் கை தூக்கும் பிள்ளையைப் போல. அப்போதே கவனித்துவிட வேண்டும்.

வெண்ணிலா இன்று மாலை பேசினாள். சினை மாடு, வால்பாறையில் பார்த்து வைத்திருக்கும் வாடகை அறை, மழைக்கோட்டு. இடையிடையே அத்தை. அத்தை ரசத்துக்குப் பூண்டைத் தட்டித்தான் போடுகிறாராம். அத்தை மழைக்கோட்டை முதலில் தண்ணீர் ஊற்றிச் சோதித்தாராம். நான் மாங்காய் ஊறுகாய் போட்டிருப்பதைச் சொன்னேன். "அத்தையும் போட்டிருக்காங்கம்மா" என்றாள்.

உப்பு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்.

மே 22, வியாழன்

துளசிமணி அம்மாளே கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வந்துவிட வேண்டுமாம், நாட்டுக்கோழி அடிக்கிறாராம். வண்டிக்கு பேட் மாற்றத்தான் வருகிறேன் என்றேன். "நீங்க எதுக்குங்க இந்த வெயில்ல செரமப்படோணும், நானே மாத்திப்போடறனுங்க" என்றார். எனக்குச் சிரமம் இல்லை என்றேன். "ஒறம்பரையா வந்து சக்கரத்தக் கழட்டறதாவதுங்க" என்று சிரித்தார்.

ஒறம்பரை. விருந்தாளி. என் காருக்கு நான் விருந்தாளி.

மே 25, ஞாயிறு

விரிவாக எழுத வேண்டிய நாள்.

பஸ்ஸில் போய் இறங்கினோம். வண்டி தென்னை நிழலில் சிமெண்ட் தளத்தில் நின்றது. கழுவித் துடைத்திருந்தார்கள். டேஷ்போர்டில் நான் ஒட்டியிருந்த பிள்ளையார் அங்கேயே இருந்தார். பக்கத்தில் புதிதாக மாசாணியம்மன் படம்.

துளசிமணி அம்மாள் என்னை விட உயரம். தோப்பில் பவர் டில்லரை அவரே பிரித்துப் பூட்டுவார். ஸ்பேனர்களை அளவு வாரியாகச் சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தார். அதன் பக்கத்தில் ஒரு பெட்டி பிரேக் பேட். நான் பையிலிருந்து என் பெட்டியை எடுத்தேன். இரண்டும் வேறு வேறு கம்பெனி.

"அட, நானும் வாங்கி வெச்சுட்டனுங்களே. பரவால்லீங்க சம்பந்தி, உங்களதே போட்டறலாம்" என்றார்.

"இல்லீங்க, வண்டி உங்க வீட்டுல நிக்குது. உங்களதே போடுங்க."

"ஏனுங்க, வண்டி நீங்க குடுத்ததுதானுங்க. உங்களதுதான் மொற."

"மொறையெல்லாம் எதுக்குங்க. நீங்கதானே மொதல்ல பாத்தீங்க."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் பேசினோம். இரண்டு பேரும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. இவர் நாற்காலியில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டே, "பந்தியில கடைசி ஜாங்கிரிய யாரு எடுக்கறதுன்னு நிக்கற மாதிரி இருக்குது. ஆளுக்கொரு பக்கம் போட்டுருங்க, முடிஞ்சுது" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். துளசிமணி அம்மாள் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வலது சக்கரத்துக்குப் போனார். நான் இடது பக்கம் போனேன்.

பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தோம். தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்தினோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டும் கொடுத்தோம். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு தென்னைநார்ப் பாயில் உட்கார்ந்தேன். பேட்களைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே மடக்கினேன். பழைய பேட்களில் ஒன்று காகிதம் போல ஆகியிருந்தது. பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் வராது. அடம் பிடிக்கும் குழந்தையைப் படுக்க வைப்பது போல மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். அந்தப் பக்கத்தில் ஸ்பேனர் சத்தம் சீக்கிரமே ஓய்ந்துவிட்டது. அவர் முடித்துவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். வண்டிக்கு அடியில் அவரும் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சுங்களா?" என்றார்.

"ஆச்சுங்க" என்றேன். ஆகவில்லை.

முடித்ததும் பிரேக் பெடலைக் கெட்டியாகும் வரை மிதித்தேன். இல்லாவிட்டால் முதல் மிதியில் அது ஒன்றும் பிடிக்காமல் தரை வரை போய்விடும். அந்த வேலையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வெண்ணிலா ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து கேட் வரை ஓட்டிப் பார்த்தாள். "அம்மா கையும் அத்தை கையும் சேந்திருக்குது, இனிமே வண்டி அசையாது" என்று சிரித்தாள். சத்தம் இல்லை. கோழிக் குழம்பு நன்றாக இருந்தது. எழுதாமல் விட முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது.

மீதமுள்ள இரண்டு பேட்களை நான் என் பெட்டியில் வைத்து எடுத்து வந்தேன். அவருடைய மீதம் அவருடைய அலமாரிக்குப் போனது.

ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அதை இன்று எழுத வேண்டியதில்லை.

மே 27, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். துணி உலரவில்லை, மேகமூட்டம்.

வண்டியில் இரண்டு மாடு பூட்டினால் இரண்டும் ஒரே வலுவாக இருக்க வேண்டும். ஒன்று வலுத்தது, ஒன்று இளைத்தது என்றால் வண்டி கோணும். ஆனால் பழகிவிட்டால் மாடுகள் தாமாகவே சமாளித்துக்கொள்ளும் என்பார்கள். பேட்களும் கொஞ்சம் தேய்ந்தால் டிஸ்க்கோடு படிந்து சரியாகிவிடும். பெரும்பாலும்.

மே 29, வியாழன்

வெண்ணிலா காலையிலேயே கூப்பிட்டாள். பிரேக் பிடித்தால் வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கிறதாம்.

இடது பக்கம் என்னுடையது.

நேர்மையாக எழுதுகிறேன்: அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. எந்தப் பக்கம் நன்றாகப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி இழுக்கும். ஓடுகிற பையனின் ஒரு கையை மட்டும் பிடித்து நிறுத்தினால், பிடித்தவர் பக்கமாகவே அவன் சுற்றி வருவான். என் பேட் பிடிக்கிறது. அவருடையது பிடிக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"டயர்ல காத்து பாரு கண்ணு. இல்லாட்டி அலைன்மென்ட்டா இருக்கும்" என்றேன்.

"காத்து அத்தை பாத்துட்டாங்க" என்றாள்.

"அப்ப அலைன்மென்ட்தான்."

மே 30, வெள்ளி

அலைன்மென்ட்டில் குறை இல்லையாம். கடைக்காரர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டாராம்.

மதியம் துளசிமணி அம்மாள் கூப்பிட்டார். மழை, தேங்காய் விலை என்று சுற்றி வந்துவிட்டு, "உங்க பேடு எந்தக் கம்பெனிங்க சம்பந்தி?" என்றார். சொன்னேன். "நல்ல கம்பெனிதானுங்க" என்றார். அவருடையதையும் நான் கேட்டேன். அவரும் சொன்னார். அதுவும் நல்ல கம்பெனிதான் என்றேன்.

போனை வைப்பதற்கு முன், "எம்பட பக்கந்தான் என்னமோ போதலையாட்ட இருக்குதுங்க" என்றார். தன் பக்கத்து பேடைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி நல்லா இருங்க என்று சொல்லிவிட்டு வைத்தோம்.

மே 31, சனி

வெண்ணிலா ஆழியாறு பக்கம் ஒரு பண்ணைக்குப் போயிருக்கிறாள். தூறல். ரோடு நனைந்திருந்தது. ஒரு நாய் குறுக்கே வந்தது. மிதித்திருக்கிறாள். வண்டி இடது பக்கம் திரும்பி, ரோட்டை விட்டு இறங்கி, சேற்றில் சறுக்கிக்கொண்டே போய் ஒரு தென்னை மரத்துக்குக் கைநீளம் முன்னால் நின்றிருக்கிறது.

அங்கே நின்றுகொண்டே என்னைக் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. "ஒண்ணும் ஆகலம்மா. அத்தைகிட்டச் சொல்லீராதீங்க, பயந்துக்குவாங்க. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்" என்றாள்.

என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

இவர் ஹாலிலிருந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். சொன்னேன். இரண்டு பெட்டிகளைப் பற்றியும் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி இரண்டு பக்க உராய்வையும் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் வேடிக்கைக்குச் சொன்னேன் சுலோச்சனா. நீதான பிசிக்ஸ் டீச்சர்" என்றார்.

நாளை மறுநாள் அவள் மலை ஏறுகிறாள். ஆழியாறு தாண்டினால் ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பிரேக் பிடிக்க வேண்டும். பல இடங்களில் இடது பக்கம் முழங்கால் உயரச் சுவர்தான், அதற்கப்பால் ஒன்றுமில்லை.

ஜூன் 1, ஞாயிறு

முதல் பஸ்ஸில் கிளம்பினேன். இவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். பையில் என் பெட்டியை வைத்திருந்தேன். மீதம் இரண்டு பேட். அதை வலது பக்கம் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று பொள்ளாச்சி வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். என்னுடையதுதான் நன்றாகப் பிடிக்கிறது, அதில் தவறொன்றும் இல்லை என்று.

பொள்ளாச்சியில் பஸ் மாறும் இடத்திலிருந்து மலை தெரிந்தது. அப்போதுதான் வேறொன்றும் நினைவுக்கு வந்தது. என் பேட் மிருதுவானது. குளிர்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் சூடு ஏற ஏற அதன் பிடி தளரும். அவருடையது கடினமானது. ஊருக்குள் கொஞ்சம் மந்தம், சூட்டில் விடாது. அவர் மலையை நினைத்து வாங்கியிருக்கிறார். கடையில் நிற்கும்போது நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

வெண்ணிலாவும் மாமியாரும் வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"வெண்ணிலா, அது டயரும் இல்ல, அலைன்மென்ட்டும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கம்பெனி பேட் போட்டிருக்கோம். அதனாலதான் இழுக்குது. எனக்கு அன்னைக்கே தெரியும்."

துளசிமணி அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குந் தெரியுங் கண்ணு" என்றார்.

வெண்ணிலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"நேத்து அந்த மரத்துல நான் முட்டியிருந்தா, அப்பவாச்சும் யாராவது ஒருத்தர் வாயத் தொறந்திருப்பீங்களா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க டீச்சர்தானம்மா" என்றாள்.

மரத்தைப் பற்றி அப்போதுதான் அறிந்த துளசிமணி அம்மாள் எழுந்து போய் அவள் தலையை, தோளை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வெண்ணிலா தடுக்கவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்போதும் எனக்கு அந்தக் கைகளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"யாருதோ போடுங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

"உங்களதே போட்டறலாமுங்க சம்பந்தி, அதுதானுங்க நல்லாப் புடிக்குது" என்று துளசிமணி அம்மாள் ஆரம்பித்தார். மரியாதையாகத்தான் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமையும் இதே மரியாதைதான்.

ஜாக்கியை எடுத்துக்கொண்டு இடது சக்கரத்துக்குப் போனேன். நான் முடுக்கிய நட்டுகளை நானே தளர்த்தினேன். நான் மாட்டிய பேட்களை நானே உருவினேன். "அலமாரில இருக்கற உங்க மிச்ச ரெண்டையும் எடுத்துட்டு வாங்க சம்பந்தி" என்றேன்.

எடுத்து வந்தார். பாயில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் பிஸ்டனைத் தள்ள, அவர் கேலிப்பரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு அவராகவே, "தெனமும் ராத்திரி சோறு உங்கறப்ப எங்கம்மா இப்புடிச் சொல்லுவாங்க, எங்கம்மா அப்புடிச் சொல்லுவாங்கன்னு உங்க உதாரணந்தானுங்க. எனக்கு அப்புடியொண்ணு சொல்லத் தெரியாது. டார்ச்ச எடுத்துட்டு வண்டிக்கு அடியில பூந்துட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்.

பெடலை இந்த முறை அவரை மிதிக்கச் சொன்னேன்.

என் பையிலிருந்த பெட்டியை வெளியே எடுக்கவே இல்லை. கழற்றிய இரண்டையும் அதற்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நான்கும் இப்போது அலமாரியில், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால்.

ஜூன் 2, திங்கள்

மலை ஏறிவிட்டாள். "வந்துட்டேன்" என்று ஒரு வரிச் செய்தி, எங்கள் மூவருக்கும் சேர்த்து அனுப்பியது. கோபம் போகவில்லை.

ஜூன் 4, புதன்

போன் இல்லை. இவர் சட்டைக்கு இரண்டு பொத்தான் தைத்தேன். வால்பாறையில் மழை என்று செய்தியில் சொன்னார்கள்.

ஜூன் 6, வெள்ளி

ஏறுவதல்ல, இறங்குவதுதான் சோதனை என்று பகலெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் போன் வந்தது. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி ஓரமாக நிறுத்திக் கூப்பிடுகிறாள். போனில் சார்ஜ் தீரப்போகிறது என்றாள்.

"ரெண்டாவது கியர்லயே எறங்கினேன். மேல ஒரு வளைவுல காட்டுமாடு நின்னுச்சும்மா. மிதிச்சேன். நேரா நின்னுது" என்றாள். குரலில் பழைய வெண்ணிலா. அதற்குள் போன் அணைந்துவிட்டது.

என் போனை மேசையில் வைத்த உடனே மறுபடி அடித்தது. துளசிமணி அம்மாள்.

"புள்ளை எறங்கிட்டாளான்னு தெரியலீங்க சம்பந்தி. உங்களுக்கு ஏதாச்சுங் கூப்புட்டாளுங்களா?" என்றார். வாசலில் நின்றுகொண்டு பேசுகிறார் என்று தெரிந்தது. தென்னை மட்டைகள் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

இந்த ஒரு கேள்விக்காக நான் எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உள்ளங்கை சூடாக இருந்தது.

"எறங்கிட்டாளுங்க. நல்லா இருக்கறா, வந்துட்டே இருக்கறா" என்றேன். "மொதல்ல உங்களுக்குத்தான் அடிச்சாளாமா. லைன் கெடைக்கலையாம். அதனாலதான் எனக்குச் சொன்னா."

"அப்புடிங்களா" என்றார். பிறகு, "பேடு பரவால்லீங்களாமா?" என்றார்.

"நேரா நிக்குதாமுங்க. உங்க பேடு நல்ல பேடு" என்றேன்.

நான் சொன்ன அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்த இவர், எழுந்து போய்க் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

இதை எதிரே உட்கார்ந்து கேட்பவர் யாரானாலும் இது ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். பேட் மாற்றிய பிறகு, பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத சமமான ரோட்டில் மெதுவாகப் போய், ஸ்டீயரிங்கை இறுக்காமல் பிடித்தபடி பிரேக்கை மிதியுங்கள். வண்டி எந்தப் பக்கமாவது இழுத்தால், அதை வாய் திறந்து சொல்லுங்கள்.